குழாய் பூட்டிய கிடாரம்

உம்முடைய கிடாரத்தைக் கோயில்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பினார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பிக்கரிங்கில் உம்முடைய வீட்டுக் கராஜ் கதவுக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டு, மணியும் அடிக்காமல் போய்விட்டார்கள். வேலையால் வந்த உம்முடைய மனைவி காரைத் திருப்பும்போதுதான் அதைக் கண்டிருக்கிறார். உள்ளே மழைத் தண்ணீரும் மேப்பிள் இலைகளும் கிடந்தனவாம். அந்த அவமானத்துக்கு வழி வெட்டிக் கொடுத்தவன் நான். இதை முதலில் எழுதாமல் வேறொன்றையும் எழுத எனக்கு முகமில்லை.

இப்போது அது டோர்செட் பார்க்கில் என்னுடைய பல்கனியில் நிற்கிறது. வெயில் பட்டுச் சில்வர் சூடேறியதும் அதற்குள்ளிருந்து ஒரு மணம் எழும்புகிறது. எங்கள் பியர் மணம் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். இல்லை. மிளகு, சீரகம், புளி. கோயில் ரசம். சில வெள்ளிக்கிழமைகள் மடைப்பள்ளியில் இருந்ததற்கே எங்களுடைய இத்தனை வருஷத்து வாசத்தை அது மறந்துவிட்டது. ஆட்கள்தான் மறக்கிறார்களில்லை.

உமக்கு இந்தப் பைத்தியம் பிடித்த நாள் ஞாபகம் இருக்கிறது. நாங்கள் வேலை செய்த தொழிற்சாலையில் போலந்துக்காரன் ஒருவன் தன் வீட்டில் செய்த பியரை ஒரு போத்தலில் தந்தான். கார் பார்க்கில் நின்று ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐசே, இதை நாங்களும் செய்யலாம். தோசைமாவைப் புளிக்க வைக்கிற சனந்தானே" என்றீர். இதற்கென்றே பாத்திரம் விற்கும் கடைக்கும் போனோம். அங்கே வைத்திருந்த சின்னப் பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உது என்ன காணும், ஒரு பிறந்தநாளுக்குச் சோறு காணாது" என்று நான்தான் உம்மை வெளியே இழுத்து வந்தேன். ஸ்காபரோவில் பாத்திரக் கடை ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கலியாண வீட்டுச் சமையலுக்கு வைக்கிற பெரிய சில்வர் கிடாரத்தைத் தூக்கி வந்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் அடி உருண்டை என்பது எங்கள் மண்டையில் ஏறியது. காஸ் அடுப்பில் வைத்தால் ஆடியது. பழைய கார் ரிம் ஒன்றை அடுப்புக்கு மேல் வைத்து அதற்குள் கிடாரத்தை இருத்தினோம். பிறகு அது அசையவேயில்லை.

குழாய் பூட்டத் துளை போட்டதும் நான்தான். சில்வர் லேசில் விடாது. நான் ட்ரில்லை அழுத்தி அமத்த அமத்த அலகு சிவந்து மழுங்கியது. "அமத்தாதையும், ஐசே. அதுக்கு வழி விட்டுக்கொண்டு போம்" என்று பக்கத்தில் நின்று சொன்னீர். நான் கேட்கவில்லை. அலகு உடைந்தது. நீர் குசினிக்குள் போய் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, சொட்டுச் சொட்டாக விட்டீர். அடுத்த அலகு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தானியம் குழாயை அடைக்காமலிருக்க அடியில் ஓட்டைத் தட்டு ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு உம்முடைய மனைவி இடியப்பம் அவிக்கிற ஸ்ரீமர் தட்டு அளவெடுத்ததுபோல இருந்தது. பிறகு அவர் கராஜ் வாசலில் வந்து நின்று, "என்ரை இடியப்பத்துக்கு இனி என்ன செய்யிறது? உங்கடை சிநேகிதன்ரை தலையிலை வைச்சு அவிக்கிறதோ?" என்று கேட்டார். நீர் என்னைக் காட்டி, "அவரின்ரை தலை போதியளவு சூடுதான்" என்றீர்.

முதல் தடவை பட்ட பாட்டை நான் யாருக்கும் சொன்னதில்லை. வாற்கோதுமையை ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும் என்று நீர் வாசித்திருந்தீர். நான் அதை வாங்கிக்கொண்டு, எங்கள் ஆட்கள் கறித்தூள் திரிக்கிற மில்லுக்குப் போனேன். மில்காரரும் எங்கள் முறைப்படி பட்டுப்போல அரைத்துத் தந்தார். வெந்நீரில் விட்டதும் அது கூழாகிவிட்டது. குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. கையால் அள்ளித் துணியில் பிழிந்தோம். வாரக்கணக்கில் காத்திருந்து போத்தலைத் திறந்து குடித்தால், தொண்டையில் மிளகாய் எரிந்தது. நீர் இருமி முடித்துவிட்டு, "நண்டும் கொஞ்சம் போட்டிருந்தா ஊரிலை குடிக்கிற அசல் கூழ்தான்" என்றீர். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது. மிளகாயாலும்தான்.

அதற்குப் பிறகு கையால் சுற்றுகிற மில் ஒன்று வாங்கினோம். வெந்நீர் ஆறாமலிருக்க என்னுடைய பழைய பனிக்கால ஜக்கெற்றைக் கிடாரத்துக்குப் போட்டு சிப்பை இழுத்துவிட்டோம். செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயோடு பொருத்தி, கொதித்ததை ஆற வைத்தோம். ஆறினதைப் பிளாஸ்ரிக் வாளியில் விட்டு, அங்கேதான் புளிக்க ஈஸ்ற் போட்டோம். கிடாரத்துக்குள் இருந்ததெல்லாம் வாற்கோதுமைத் தண்ணீர். போதை என்ற ஒன்று அந்தக் கிடாரத்தைத் தொட்டதேயில்லை.

ஒரு சொல்லில் மட்டும் நாங்கள் கடைசிவரை இணங்கவில்லை. நான் "பியர் காய்ச்சுறம்" என்பேன். "காய்ச்சுறம் எண்டு சொல்லாதையும் காணும். ஊரிலை களவாக் காய்ச்சினது கசிப்புச் சாராயம். நாங்கள் புளிக்க வைக்கிறம்" என்பீர். "பாலையும் காய்ச்சுறம், கஞ்சியையும் காய்ச்சுறம், அதிலை என்ன வெக்கம்?" என்று நான் சண்டைக்கு நிற்பேன். நீர் சிரித்துவிட்டு விட்டுவிடுவீர். நான் வென்றதாக நினைத்துக்கொள்வேன்.

நீர் கண்ணை மூடிய பிறகு கராஜை வெறுமையாக்க வேண்டியிருந்தது. கிடாரத்தைக் கோயிலுக்குக் கொடுப்போம் என்று சொன்னவன் நான். உம்முடைய மனைவிக்கு அது பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைகளில் அவர் மடைப்பள்ளியில் போய் மரக்கறி வெட்டத் தொடங்கியிருந்தார். வீட்டில் தனியே இருப்பதற்கு அது மருந்தாக இருந்தது. மாசியில் வரும் உம்முடைய முதல் வருஷ ஆட்டைத் திவசத்துக்கு அன்னதானம் அந்தக் கிடாரத்திலேயே சமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மடைப்பள்ளிப் பெண்களும் குழாயைத் திறந்து ரசம் பிடித்துப் பிடித்துப் புகழ்ந்தார்கள்.

அந்தப் புகழ்தான் என்னைக் கெடுத்தது. கோயில் நிர்வாகசபைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தலைவர் கேட்டார்:

"நல்ல யோசனை அண்ணை. உந்தப் பைப் ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"கோயிலுக்கெண்டே பூட்டினதோ?"

"இல்லை. நாங்கள் உதிலை பியர் காய்ச்சினனாங்கள்."

யாரோ சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. "காய்ச்சினதோ? அப்ப உங்கடை சிநேகிதர் வீட்டிலை வைச்சுக் காய்ச்சினவரோ?"

நான் விளக்கினேன். உள்ளே கொதித்தது வெறும் பார்லித் தண்ணி, வெறி வருவது பிறகு வாளிக்குள்தான் என்றேன்.

"வெறி எண்டு உங்கடை வாயாலையே சொல்லுறியள்" என்றார் ஒருவர். இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மேசையில் அடித்தேன். "இஞ்சை இருக்கிற எத்தினை பேர் அந்தப் பியரைக் குடிச்சனீங்கள் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டு, ஒவ்வொருவராகக் காட்டிச் சொன்னேன். தலைவரிடம், "அவரின்ரை பேர்த்டேயிலை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சனீங்கள்" என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க மாட்டேன். ஆனால் வெட்கப்பட்டவர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. கிடாரத்துக்குத் துடக்கு, தீட்டு என்று முடிவெடுத்து, அதை உம்முடைய வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள்.

உம்முடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, கிடாரம் வந்து நிக்குது. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார். நான் கோயில்காரரைத் திட்டத் தொடங்கினேன். என்னை முடிக்க விடவில்லை. "அவர் கசிப்புக் காய்ச்சினவராம் எண்டு மடைப்பள்ளியிலை கதைக்கினம். எனக்குக் கேக்கத்தக்கதாத்தான் கதைக்கினம். நான் இனி அங்கை போகேலை" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் வைத்திருப்பேன்.

சனிக்கிழமைகளில் ஒரு கிளாஸ் ஊற்றி, அதையும் பாதியில் வைத்துவிட்டு, நுரை ஏன் நிற்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதர் நீர். உம்மைக் கசிப்புக்காரனாக்கியது அவர்களுடைய வாய். அதற்குச் சொல் எடுத்துக் கொடுத்தது என்னுடைய வாய். கோ ட்ரெயினில் உம்முடைய வீட்டுக்குப் போய்க் கிடாரத்தோடு திரும்பிய வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமத்தாதையும் என்று நீர் சொன்னது இரும்புக்கு மட்டுமில்லை என்று விளங்க எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. இப்போது அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரிகிறேன். பாரமாகத்தான் இருக்கிறது.

இனி நடக்க வேண்டியது இது. தலைவர் பிக்கரிங்குக்கு நேரில் போக வேண்டும். போனில் கதைத்தால் காணாது. கிடாரத்தை இறக்கி வைத்த இரண்டு பேரும் அவரோடு போய் இந்த முறை மணியை அடிக்க வேண்டும். ரசம் பிடித்துப் புகழ்ந்த பெண்கள், அதே குரலில், அதே மடைப்பள்ளியில், தாங்கள் கதைத்தது தவறு என்று சொல்ல வேண்டும். மாசி அன்னதானத்தை நிர்வாகசபை உம்முடைய பெயரைச் சொல்லி அறிவிக்க வேண்டும். எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. நான் எல்லோருக்கும் முதல் போக வேண்டும். உம்முடைய மனைவிக்கு முன்னால் நின்று, "ஆனால்" என்று ஒன்றும் சேர்க்காமல் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு அது பழக்கமில்லை. பழக வேண்டும்.

உம்முடைய மனைவி ஒன்றும் செய்யத் தேவையில்லை. கதவைத் திறப்பதா இல்லையா என்பது அவருடைய விருப்பம்.