நர்கீஸின் மகனுக்காக ஒரு பூசை

மல்லவி, எகிப்து,
மாதா நோன்பின் முதல் வாரம்.

என் கண்ணான மகன் ரம்ஸிக்கு, கோவிலில் எல்லோருக்கும் குருவாக, அபூனா சரபாமூனாக இருக்கிற என் பிள்ளைக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகள் ஐரீனியும் குழந்தை வெரீனாவும் அங்கே குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே மாதாவிடம் சொல்லிவிடுகிறேன். போன் இருக்க அம்மா ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா, சளி போயிற்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இது அப்படிப் பாதியில் விடக்கூடிய விஷயம் இல்லை. கடைசித் தெரு ஸோஸன் தன் புருஷனிடம் போக உங்கள் இத்தாலிக்குப் புறப்படுகிறாள், அவள் பெட்டியில் இந்தக் கடிதத்துக்கும் காய்ந்த முலூகியாக் கீரைக்கும் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானமானால் மின்சாரம் போய்விடுகிறது, அப்பா விசிறியைத் திட்டிக்கொண்டு மாடிக்குப் புறாக்களிடம் போய்விடுகிறார். அவர் முழங்கால் பரவாயில்லை, ஆனால் படியேறும்போது பிடிக்கும் சுவரில் அவர் கை அச்சே விழுந்துவிட்டது. உன் சித்தி மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை அஸ்யூத்தில் பல் வைத்தியன், பல் மட்டும் அவனுக்கே கொஞ்சம் கோணல். நோன்பு நாளாக இருக்கிறபடியால் நெய்யும் இறைச்சியும் இல்லாத எண்ணெய்ச் சமையல்தான், பருப்பும் கத்தரிக்காயும். நீ சின்ன வயதில் இந்த நோன்பில் திராட்சைக்காகக் காத்திருப்பாய். இப்போது கூடை கூடையாக வந்து இறங்கியிருக்கிறது, வாங்கி வருகிறேன், கழுவித் தட்டில் வைக்கிறேன், அப்புறம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு நீ போனில் சொன்னாயே, "பூசைக்கு ஐரீனியும் அந்தத் திருத்தொண்டரும் தவிர யாருமில்லம்மா, சுவத்தப் பாத்து ஆசீர்வாதம் பண்றேன். ஆயர்கிட்ட சொல்லிட்டு ஊருக்கே வந்துடட்டுமா"ன்னு. நான் ஆண்டவர் சித்தம் என்று மட்டும் முணுமுணுத்தேன். ஆனால் போனை வைத்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா, உன் அறைத் திரைகளைக் கழற்றி ஊறப்போட்டேன். கட்டிலை வெயிலில் இழுத்துப் போட்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆணியும் சுத்தியலுமாக மாடிக்குப் போனார். என்ன தட்டுகிறீர்கள் என்று கீழிருந்து கத்தினேன். "கொழந்தைக்குப் புறா காட்ட வேணாமா? கூண்டு இந்த லட்சணத்துல இருந்தா தாத்தாவப் பத்தி என்ன நெனைக்கும்?" என்றார். மகனே, ஒரு குருவுக்கு அவன் ஊழியம் பாரமாகிப் போனது என்று கேட்டு எந்தத் தாய் சந்தோஷப்படுவாள்? நான் பட்டேன். உள்ளபடியே சொல்லுகிறேன், மனசு முழுக்கச் சந்தோஷப்பட்டேன்.

இந்த நேரத்தில்தான் நம் அபூனா மத்தாவுஸ் என்னை நர்கீஸ் வீட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் வராதவர்கள் யார் யார் என்று பார்த்துப் பெண்கள் நாங்கள் தெருவைப் பிரித்துக்கொண்டு விசாரிக்கப் போவது உனக்குத் தெரியும். நர்கீஸை உனக்கு நினைவிருக்கும், வாய்க்கால் ஓரத்து வீடு, குஸ்மானின் அம்மா. குஸ்மான் போன வருஷம் லிபியா பக்கம் போய் அங்கிருந்து படகு ஏறினான். படகு கவிழ்ந்தது, கூட ஏறித் தப்பித்த ஒருவன் வந்து சொன்னான், உடல் மட்டும் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவள் கோவில் வாசல் மிதிக்கவில்லை. நான் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வா, உம் ரம்ஸி, ரம்ஸியப் பெத்தவளே, வா. ஓம் புள்ளையும் கடலத் தாண்டினான், எம் புள்ளையும் தாண்டினான். ஒன்னோடவன வானத்துல தூக்கிட்டுப் போய்ப் பூப்போல எறக்கி வெச்சாரு ஒங்க ஆண்டவர். என்னோடவன மீனுக்குப் போட்டாரு. இதுல எந்தச் சங்கீதத்த எனக்கு வாசிக்கப் போற, சொல்லு?" என்றாள். கதவு மூடிவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா கேட்டார், "அவ சொன்னதுல எது பொய்?" எதுவும் பொய் இல்லை என்றேன். "அப்பறம் ஒனக்காக ஏன் அழுவுற? அழறதுன்னா அவளுக்காக அழு" என்றார். உன் அப்பா பேசுவது வருஷத்துக்கு நாலு வார்த்தை, அதில் ஒன்று இப்படி வந்து விழும்.

அடுத்த தடவை வேதத்தை எடுத்துப் போகவில்லை. ஒரு கட்டு முலூகியா வாங்கிக்கொண்டு போய் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தேன். கதவு சும்மா இருந்தது. பிறகு இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. பிறகு அவள் குரல், "இப்படியா கீரை ஆய்வாங்க? பாதிக் காம்பு உள்ள போவுது. ஒம் புருஷன் தொண்டையில மாட்டிச் சாவட்டும்னு பாக்குறியா?" என்று சொல்லிக்கொண்டே எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அன்றைக்கு வேறு பேச்சில்லை. அதன் பிறகு போகும்போதெல்லாம் கையில் ஏதாவது வேலையோடு போனேன், வெண்டைக்காய், பருப்பில் கல் பொறுக்குவது, கிழிந்த தலையணை உறை. கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. குஸ்மானைப் பற்றிச் சொன்னாள். முலூகியாவில் பூண்டும் மல்லியும் தாளித்துக் கொட்டும்போது அவள் மூச்சை இழுத்து 'ஹா' என்று ஒரு சத்தம் விட வேண்டுமாம், நம் வீடுகளில் எல்லாப் பெண்களும் செய்வதுதானே, அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அவன் தட்டையே தொடமாட்டானாம். வளர்ந்து மீசை முளைத்த பிறகும் அப்படித்தானாம். இதைச் சொல்லிச் சிரித்தாள், சிரித்த வாயோடு, "ஒங்க அபூனா எம் புள்ளைக்குப் பூசை வைக்கமாட்டேன்னுட்டாரு. பொணம் இல்லாதவனுக்குக் கோவில்ல எடமில்ல போல" என்றாள்.

நான் நேரே அபூனா மத்தாவுஸிடம் போனேன். கோவில் முற்றத்தில் குழாய் சரிசெய்துகொண்டிருந்தார். கேட்டதும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "மாட்டேன்னு சொல்லலம்மா. செய்தி வரட்டும், பொறுன்னு சொன்னேன். பூசை வெச்சா அவளோட கடைசி நம்பிக்கைய நானே குழி தோண்டிப் பொதச்ச மாதிரி ஆயிடுமேன்னு பயந்தேன்" என்றார். "நீங்க மாட்டேன்னு சொன்னதாத்தான் அவ எடுத்துக்கிட்டா, அபூனா" என்றேன். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை, அந்த உச்சி வெயிலில் கறுப்பு அங்கியோடு விடுவிடு என்று நடந்தார், நான் பின்னால் ஓடினேன். அவள் வாசலில் நின்று, "நர்கீஸ், நான் ஒன்னக் கேட்டிருக்கணும். கேக்காமலே ஒனக்கு எது நல்லதுன்னு நானா முடிவு பண்ணிட்டேன். என்ன மன்னிச்சுடும்மா" என்றார். எழுபது வயது மனிதர், தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் மனசுக்குள் மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம், "உள்ள வாங்க அபூனா, வெயில்ல நிக்காதீங்க. தலையில ரத்தம் ஏறிடப் போகுது" என்றாள்.

நோன்பு தொடங்குமுன் வந்த வெள்ளிக்கிழமை குஸ்மானுக்குப் பூசை வைத்தோம். பூசையில் வைக்கும் குர்பான் அப்பத்துக்கு அவளே வீட்டு மாவைச் சலித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பெண்கள் பக்கத்தில் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இறந்தோர் பெயர்களை வாசிக்கும்போது அபூனா நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, குஸ்மான் என்றார். பள்ளிக்கூடத்தில் மகன் பெயரைக் கூப்பிட்டதுபோல அவள் எழுந்து நின்றுவிட்டாள். கடைசி ஆமேன் வரைக்கும் உட்காரவில்லை.

பூசை முடிந்து சாப்பிடும்போது என்னைக் கேட்டாள், "ஏன்டி, அன்னிக்கு ஒங்க வீட்டு மாடியில தெரையெல்லாம் காஞ்சுதே, யாரு வரப்போறா?" மறைக்க மனசு வரவில்லை, நீ சொன்னதைச் சொன்னேன். எனக்காகச் சந்தோஷப்படுவாள், இல்லாவிட்டால் வயிறெரிவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "வரச்சொல்லு. பெத்தவளுக்கு ஆசை இருக்காதா. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எம் புள்ள கரை ஏறியிருந்தான்னு வெச்சுக்க. ஈரத் துணி, பாஷை தெரியாது, ஒரு நாய் தெரியாது. மொதல்ல எங்க போயிருப்பான்? சிலுவை இருக்குற வாசலத் தேடித்தான் போயிருப்பான். அங்க பூட்டு தொங்கினா என்ன பண்ணுவான், உம் ரம்ஸி?" என்றாள். குத்திப் பேசவில்லை மகனே, உண்மையாகவே என்னிடம் கேட்டாள். நீ இருப்பது அந்தக் கடற்கரையில்தானே.

ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீ படித்தவன், சரியில்லாததைத் தள்ளிவிடு. வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்காதே, எப்போது வர முடியும் என்று கேள். நம் பிள்ளைகள் அங்கே சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவுகிறார்கள், பீட்சா சுடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைதானே அந்தக் கடைகளில் கூட்டம்? கடைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று நீயே ஒரு தடவை சொன்னாய். அப்படியானால் திங்கட்கிழமையும் பூசை வை. இங்கே நாம் ஏன் வெள்ளிக்கிழமை கூடுகிறோம், ஊருக்கு அன்றைக்குத்தான் விடுமுறை என்றுதானே? ஆண்டவர் கிழமை பார்த்தா இறங்கி வருகிறார்? இத்தாலியப் பாதிரியார் உனக்குக் கொடுத்த அந்தக் கூடமும் திங்கட்கிழமை சும்மாதான் கிடக்கும், போய்க் கேள், கேட்காமல் நீயே முடிவு பண்ணிவிடாதே. பூசை முடிந்ததும் ஒரு பானை ஃபூல், அவித்த மொச்சை மேல் எண்ணெயும் சீரகமும் எலுமிச்சையும், வேறொன்றும் வேண்டாம். ஐரீனி ஒருத்தியே செய்ய வேண்டாம், வருகிறவர்களை வெங்காயம் நறுக்கச் சொல். வேலை கொடுத்தால்தான் ஆண்பிள்ளைகள் மறுபடி வருவார்கள், விருந்தாளியாக உட்கார வைத்தால் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள். ஒவ்வொருவனிடமும் அவன் அம்மாவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கு. அவன் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பு. பிரசங்கமே வேண்டாம், அந்தத் தாய் இங்கிருந்தே அவனை உன் கோவிலுக்குத் துரத்துவாள். படகில் வந்து இறங்குகிறவர்களை எங்கே வைப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நில், பைபிளோடு அல்ல, காய்ந்த துணியும் செருப்பும் எடுத்துக்கொண்டு. அவன் நம்மவனா, முஸ்லிமா, எந்த நாட்டான் என்று செருப்பு கொடுக்கும்போது கேட்காதே, கால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

சுவரைப் பார்த்து ஆசீர்வதிக்கிறேன் என்றாயே, அது என்னை அறுக்கிறது. ஜெபம் வராத நாளில் வராது, ராஜா. அன்றைக்கு நீட்டாதே, ஒரே ஒரு சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வெரீனாவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போ. சலிப்பை ஐரீனி மேல் காட்டாதே. அவளுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள், அவளும் திரையைக் கழற்றி ஊறப்போட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இப்போது கடைசி விஷயம். இதை எழுத வரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். அப்பா என்னை அடுப்படியில் கண்டுபிடித்து, "எழுதிட்டியா?" என்று கேட்கிறார், இல்லை என்றால் அவரும் நிம்மதியாகத் திரும்பிப் போகிறார். ரம்ஸி, இப்போது வராதே. உன்னைப் பார்க்காமல் என் கண் பூத்துப் போயிற்று, உன் குழந்தையின் கன்னம் எப்படி இருக்கும் என்று என் உள்ளங்கைக்குத் தெரியாது, ஆனாலும் வராதே. களைத்துப் போனாய் என்பதற்காக வராதே. எங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வா, வயிறார உண்டு உறங்கிவிட்டு மறுபடி போ, நானே உன் பெட்டியைக் கட்டிக் கொடுக்கிறேன். அங்கே வாசல் திறந்திருக்கட்டும்.

ஆண்டவர் உன் காலை இடறவிடாமல் காக்கட்டும், மாதா தன் முந்தானையால் உங்கள் மூன்று பேரையும் மூடிக்கொள்ளட்டும், வீரப் புனிதர் மார் கிர்கிஸ் குதிரையோடு உங்கள் தெருவில் நிற்கட்டும். கீரையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவை, அந்தக் கடல் காற்றில் நமத்துவிடும். குருவுக்கு என் முத்தம் கைமேல், மகனுக்கு நெற்றிமேல்.

திங்கட்கிழமை யார் வந்தார்கள் என்று எனக்குச் சொல். ஒருவன்தான் வந்தான் என்றாலும் அவன் பெயரைச் சொல், நர்கீஸ் கேட்பாள்.

உன்னைப் பெற்றவள்,
உம் ரம்ஸி