சுகந்தினி குசினிக்குப் போன கான்

எஹலியகொட
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுமனுக்கு அம்மா எழுதுறது. மாரியம்மா புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் சொகமா இருக்கோம், உங்கப்பாவோட வாய் எங்க ரெண்டு பேரையும் விடச் சொகமா இருக்கு. நீயும் அந்தக் கத்தார் வெயில்ல நேரத்துக்குத் தின்னு நல்லபடியா இருக்கணும். போன் இருக்கும்போது என்ன கடுதாசின்னு சிரிக்காத. போன்ல பேசினா உங்கப்பா பக்கத்துலயே காதைக் குடுத்துகிட்டு நிப்பாரு, அவரை வச்சுகிட்டே அவரை எப்படித் திட்டுறது? நம்ம ஹிஷாம் லீவு முடிஞ்சு புதன்கிழமை அங்க திரும்புறான்னு கேள்விப்பட்டதும், அவன்கிட்ட குடுத்துவிடலாம்னு உக்காந்துட்டேன்.

எல்லாம் நீ அனுப்பின படத்தால வந்த வினை. புது வீட்டுக்குப் பக்கத்துல அஞ்சடி அகலத்துல சரிஞ்சு கெடக்குற துண்டுல புல்லு போட்டு, வெள்ளைக் கல்லு பரப்பி, நடுவுல படி வைக்கணும்னு அனுப்பியிருந்த இல்ல? உங்கப்பா கண்ணாடியப் போட்டுகிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. புல்லப் புடுங்குறதுக்கு முப்பத்தெட்டு வருசம் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க, இப்ப பெத்த மகன் புல்ல நடச் சொல்றான்னு சிரிச்சாரு. அப்புறம், சரிவுன்னா மொதல்ல தண்ணி போறதுக்குக் கான், மத்ததெல்லாம் பொறகுதான்னு மம்பட்டியத் தூக்கிட்டாரு. கான் வெட்டுறதுல அவரை மிஞ்ச றப்பர் தோட்டத்துலயே ஆளில்லைன்னு எல்லாருக்கும் தெரியும், அவரே சொல்லித்தான் தெரியும். கயிறு கட்டி, குச்சி அடிச்சு, தொரை வந்து பாக்கப் போற மாதிரி மூணு நாள் வெட்டினாரு. பொய் சொல்லக் கூடாது, அழகாத்தான் இருந்துச்சு. நானும் ஓரத்துல வல்லாரையும் செவ்வந்தியும் நட்டு, உன் ஆசைக்கு ஒரு வாளி வெள்ளைக் கல்லும் பரப்பி வச்சேன்.

அடுத்த செவ்வாக்கிழமை பின்னேரம் இடியோட மழை புடிச்சுது. கான் சொன்ன பேச்சுக் கேட்டுச்சு, நம்ம சுவத்துல ஒரு சொட்டு படல. அத்தனை தண்ணியும் நேரா கீழ்வீட்டுச் சுகந்தினியோட குசினிக்குள்ள போயிருச்சு. அடுப்பு அணைஞ்சு, அரிசி வாளி மெதந்து, உன்னோட வெள்ளைக் கல்லெல்லாம் அவ அம்மிக்கு அடியில. கோவம் வந்தா சுகந்தினிக்குச் சிங்களம்தான் வரும், அன்னைக்கு ஒரு பாஷை பத்தாம ரெண்டுலயும் திட்டினா. என்ன நடந்துச்சுன்னா, இந்த வீடெல்லாம் வர்றதுக்கு முன்ன இது ஆறாம் நம்பர் மலை, றப்பர் மரம் நின்ன எடம். அந்த மலையோட பெரிய கான் எங்க வளையும், எங்க எறங்கும்னு உங்கப்பா கண்ணை மூடிகிட்டுச் சொல்லுவாரு. மரத்த வெட்டி, கானை மூடி, ஆளுக்கு ஏழு பேர்ச் நெலம் அளந்து குடுத்து வீடு கட்டினது மட்டும் அந்த மண்டையில ஏறல. பழக்கத்துல பழைய கானுக்கே தண்ணியத் திருப்பிட்டாரு, அதுக்கு மேலதான் அவ குசினி நிக்குது.

தப்பாப் போச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த மனுசன் கையக் கட்டிகிட்டு, தண்ணி அது வழியிலதான் வந்திருக்கு, கானுக்குள்ள குசினி கட்டச் சொன்னது யாருன்னு கேட்டுட்டாரு. நான் அவரைப் புடிச்சு வீட்டுக்குள்ள தள்ளிவிட்டேன். ஏன்னா, நீ மறைச்சு வச்சிருக்கிறதா நெனச்சுகிட்டு இருக்கிற விசயம் எனக்குப் போன வருசமே தெரியும். சுகந்தினி மக தனுஷிகா முன்பள்ளியில படிப்பிச்சுட்டு வீட்டுக்கு வர்ற நேரத்துல மட்டும், உன் போனுக்கு எடுத்தா எப்பவும் வேற ஆளோட பேசிகிட்டு இருக்கிறதாச் சொல்லுது. பெத்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? நல்ல புள்ளை, எனக்கும் புடிக்கும், இந்த மாசம் வெத்தலத் தட்டோட போய்ப் பேசணும்னு இருந்தேன். இப்ப என்ன மொகத்த வச்சுகிட்டுப் போறது? நாலு நாள் அந்த வீட்டு ஜன்னல் நம்ம பக்கம் தெறக்கல, அந்தப் புள்ளையும் என்னைக் கண்டா தலையக் குனிஞ்சுகிட்டுப் போச்சு.

பொறுக்க மாட்டாம உங்கப்பாகிட்ட, நீங்க வெட்டினது கானை இல்ல, உங்க மகனோட கல்யாணத்தன்னு சொல்லிட்டேன். அவருக்கு அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. அந்தக் குசினி வீட்டுப் புள்ளையான்னு மட்டும் கேட்டாரு. மறுநாள் விடியக் காலையில மம்பட்டிச் சத்தம் கேட்டு எந்திரிச்சுப் பாத்தா, வெட்டின கானை மூடிகிட்டு இருக்காரு. தண்ணிக்கு வேற ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. நம்ம பக்கத்துத் துண்டை முழுசா ஆழமா வெட்டி, நம்ம வாசலுக்குக் குறுக்கால திருப்பி ரோட்டுக் கானோட சேத்துட்டாரு. உன் புல்லும் இல்ல, படியும் இல்ல, என் செவ்வந்தியும் போச்சு. இப்ப நம்ம வீட்டுக்குள்ள வரணும்னா ஒரு பலகை மேல நடந்து வரணும். ஆயுசு பூரா அடுத்தவன் மலையில கான் வெட்டின மனுசன், சொந்தமா ஆசைப்பட்டு ஏதாவது செய்ய இருந்தது அந்த அஞ்சடிதான், அதையும் தண்ணிக்கே குடுத்துட்டாரு. அன்னைக்கு அவரு மேல வந்த பிரியம் எனக்குத் தாலி கட்டின அன்னைக்குக்கூட வரல. இதை அவருகிட்ட சொல்லித் தொலைக்காத.

வியாழக்கிழமை திரும்பவும் மழை. சுகந்தினி கொடையப் புடிச்சுகிட்டுப் பின்வாசல்ல நின்னு, மழை விடுற வரைக்கும் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தா. நேத்துக் காலையில அரிசி வாளி நெறைய உன்னோட வெள்ளைக் கல்லக் கழுவி எடுத்துகிட்டு வந்து பலகை மேல நின்னா. உங்கப்பா வேலிக்கட்டை மாதிரி நிக்கிறாரு. வாளிய அவருகிட்ட நீட்டி, "அண்ணே, எங்காளுக மாப்பிள்ள வீடு பாக்க வர்றப்ப இந்த ஒத்தப் பலகை தாங்குமா?"ன்னு கேட்டா. மகனே, உங்கப்பா வாளிய வாங்கி வச்சுட்டு, அப்படியே இன்னொரு பலகை தேடப் போயிட்டாரு.

அதனால இனிமே படம் அனுப்புற வேலை வேணாம், லீவு கேட்டுகிட்டு நீயே வா. வெறும் வயித்துல வேலைக்குப் போகாத, தலைக்கு எண்ணெ வை. அந்தப் புள்ளைகிட்ட அடுத்த தடவை பேசறப்ப, அத்தை கேட்டதாச் சொல்லு. மாரியம்மா உன்ன நோய் நொடி இல்லாம வச்சிருக்கட்டும், எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு. கல்லு வாளியிலயே இருக்கு, உங்கப்பாவத் தொட விடல, நீ வந்து பரப்பு.

இப்படிக்கு
பலகை மேல நடந்து பழகிகிட்டு இருக்கிற உன் அம்மா
ஏ. வெள்ளையம்மா