அந்தச் சனிக்கிழமை நான் வரவில்லை

இன்று காலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த தாதி, முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினார். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் உன்மேல் எனக்குப் பழைய ஆத்திரம் வந்தது. இறந்து ஒரு வருடமான நண்பன்மேல் பொறாமைப்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

காரணங்களுக்குக் குறைவில்லை. ரயில்வே பட்டறையில் ஒரே நாளில் சேர்ந்தோம். நீதான் முதலில் ஃபோர்மேன் ஆனாய். ஓய்வுபெற்ற பிறகு எனக்குத் தொப்பை விழுந்தது. நீ பிரிக்ஃபீல்ட்ஸ் ஹாலில் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தாய்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தாய். "டேய், நாளைக்கு ஹால்ல வயசான ஆம்பளைங்களுக்கு ஃப்ரீயா செக் பண்றாங்க. ரெண்டு பேரும் போவோம் லா."

"எனக்கென்ன கேடு? நீ போ," என்றேன். உன்னோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, உன் பிரஷரும் சுகரும் என்னுடையதைவிட நன்றாக இருப்பதைக் கேட்க மனமில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

பரிசோதனை முடிந்து நேராக நம் சாப்பாட்டுக் கடைக்கு வந்தாய். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வருவதற்குள், பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சொன்னாய்: "ஒண்ணுக்குப் போறதுல தகராறா இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். புரோஸ்டேட்டா இருக்கலாமாம். ரத்தம் எடுத்திருக்காங்க. உனக்கு அப்படி ஏதும் இருக்கா?"

எனக்கும் இருந்தது. பல மாதங்களாகவே இருந்தது.

"இதையெல்லாம் கடையில பேசுவியா? மானம் போகுது," என்று அதட்டிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்தேன்.

உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து மறுபடியும் மட்டையைத் தூக்கினாய். "நீயும் ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வாயேன்டா," என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னாய். நீ சொன்னதாலேயே நான் போகவில்லை. பல வருடம் ஆடினாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு, அந்த நோயல்ல.

உன் சாவு வீட்டில் என்னால் நேராக நிற்க முடியவில்லை. இடுப்பு வலி வயதால் என்று நினைத்தேன். சோதித்தபோது, உனக்கு வந்த அதே புற்றுநோய்தான் எனக்கும் வந்திருந்தது, எலும்புவரை போய்விட்டது. "முன்னமே வந்திருக்கலாமே அங்கிள்," என்று டாக்டர் சொன்னபோது உன் முகம்தான் எதிரே நின்றது. கடை நடுவே வெட்கமில்லாமல் பேசிய உன் வாய்மேல் எனக்கு அப்போது வந்த பொறாமை, நீ ஃபோர்மேன் ஆனபோதுகூட வந்ததில்லை.

போன மாதம் என் மகனை உட்கார வைத்தேன். அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "அப்பாவுக்கு ஒண்ணுக்குப் போறதுல ரொம்ப நாளா தகராறு இருந்துச்சுய்யா. வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. நீ போய் செக் பண்ணிட்டு வா."

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்குப்பா."

நேற்று முடிவு வந்தது. "வெறும் வீக்கம்தானாம்பா. மருந்து போதுமாம்," என்று சிரித்தான்.

அவன் முன்னால் கிடக்கும் வருடங்களை நினைத்துப் பார்த்தேன். அவன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அது எனக்கு இனித்தது.