டாக்டர் தோளில் சாமி

வைகாசி 18, கருடசேவை

காலையில் பாப்பாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சும் இரைத்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. வாசலில் கம்பவுண்டர் மட்டும் நின்றிருந்தார்.

"டாக்டரு சாமி தூக்கிக்கினு இருக்காரும்மா. இன்னைக்குன்னு பாத்து ஜுரத்தோட வந்து நிக்கிறீங்களே!"

சாமி ஊர்வலக் கூட்டத்துக்குள் புகுந்தேன். கருட வாகனத்தை மண்டபத்தில் இறக்கியதும் டாக்டர் வேர்வை சொட்ட வந்தார். கையில் ஸ்டெதாஸ்கோப் இல்லை. பாப்பாவின் முதுகில் காதை வைத்தார். நாதஸ்வரக்காரரைப் பார்த்து, "கொஞ்சம் நிறுத்துப்பா!" என்று அதட்டினார். மேளம் நின்றது. வெகுநேரம் கேட்டார்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா. மூக்குதான் அடைச்சிருக்குது. ஈரத்துணி போட்டுக்கினே இரு, பால் குடு. சாயங்காலம் வந்து பாக்கறேன். இவ அப்பா எங்க?"

"பிலாய்ல, இரும்பு ஆலையில வேல, சார். பொறந்து நாலு மாசமாச்சு, இன்னும் பாக்கல."

"லீவு போட்டு வரச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி தோள் கொடுக்கப் போனார்.

இப்போது ஜுரம் இறங்கியிருக்கிறது. தூங்குகிறாள். நானும் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். என்ன வேகம் அந்தத் துடிப்பு! பிலாய்க்குத் தபாலில் போட்டோ அனுப்பியாயிற்று. பாதத்தை மையில் தோய்த்து எடுத்த அச்சும் அனுப்பியாயிற்று. இந்தச் சத்தத்தை அவருக்கு எப்படி அனுப்புவேன்?