ராஜவேலுவுக்கு எதிராக ஒரு மொட்டைக் கடிதாசி

திங்கள். காலையிலேயே வெயில். காற்றில் ஃபவுண்டரி வாடை.

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெள்ளிக்கிழமை சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு என் நண்பன் ராஜவேலு. ஆலை வாசலில் அவனை வாழ்த்தி ஃபிளெக்ஸ், அடியில் ‘இவண்: நண்பர்கள்’. வைத்தது அவனே. மூலையில் தபால்தலை அளவுக்கு என் முகம். என்னைக் கேட்கவில்லை.

எதிரணி தாமஸ் வந்தார். ராஜவேலுவைப் பற்றி மொட்டைக் கடிதாசி வேண்டுமாம். சங்க வாசல் தபால்பெட்டியில் எது விழுந்தாலும் பலகையில் ஒட்டுவார்கள். தேர்தல் முடியும்வரை யாரும் கிழிப்பதில்லை. “உங்களுக்குத் தெரியாததா சார். கூடவே சுத்திக்கினு இருந்தவரு.” சரி என்றேன்.

செவ்வாய். புழுக்கம். பல்வலி. கிராம்புத் தைலம் வாங்க வேண்டும்.

கம்பெனி பஸ்ஸில் அவனிடம் வலியைச் சொன்னேன், தப்பு. தன் பல்லைப் பார்த்து டாக்டரே அசந்துபோன கதை எளாவூர் ஸ்டாப் வரை. பிறகு, “நா இல்லன்னா இந்தக் கம்பெனி இன்னாத்துக்கு ஆவும், சொல்லு மச்சான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழகிய வைத்தியம்.

கடிதாசிக்குக் குறிப்பு: என் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கித் தன் வீரத்தைப் பேசியது. ஆல்பத்தில் மாப்பிள்ளையைவிட அவன் அதிகம். கேன்டீன் மனு நான் எழுதியது, மாலை அவனுக்கு.

புதன். தூறல். வலி பரவாயில்லை.

எழுத உட்கார்ந்தேன். செல்வி நினைவு வந்தது. ஒப்பந்தத் தொழிலாளி, பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியபோது, நிரந்தரத் தொழிலாளர் பட்டியலில் பெயரில்லை என்று கம்பெனி வண்டி தர மறுத்தது. நாங்களெல்லாம் கூடி நின்று முணுமுணுத்தோம். அவன் மேனேஜர் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தான். “வண்டி வர்ற வரிக்கும் நவுர மாட்டேன். வேலய புடுங்கிக்கோ.” வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அவளோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் விரல் தப்பியது. தன்னை அவ்வளவு பெரியவனாக நினைப்பவனால்தான் அப்படி உட்கார முடியும். என்னால் முடியவில்லை.

வியாழன். வானம் மூடியே.

எழுதி முடித்தேன். கல்யாணம், மாலை, செல்ஃபி, செல்வி எல்லாம் இருக்கிறது. கடைசி வரி: இவனுக்கே ஓட்டுப் போடுங்கள். தாமஸ் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

பெயர் போடலாமா? போட்டால், தான் சொல்லித்தான் நான் எழுதினேன் என்று பஸ் முழுக்கப் பெருமையடிப்பான். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குத் தர மாட்டேன். பெயர் போடாமலே இன்றிரவு சங்கத் தபால்பெட்டியில் போடுகிறேன்.