பத்து நிமிடப் புழுக்கம்

மே 3

என் வாயாடிக் கண்ணுக்கு,

இங்கு நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசாதே என்றதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பக்கத்து அறையில் எங்கள் ஆலை மேற்பார்வையாளரின் மைத்துனர் குடிவந்திருக்கிறார். நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். நாம் மூச்சு விட்டாலே அங்கே கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

டிவியில் உன்னைப் பார்த்தேன். பருவநிலை மாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அட்டையைத் தூக்கிக்கொண்டு சட்டமன்ற வாசலில் நிற்கிறாய். படிக்கப் போன பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? பரீட்சை முடிந்ததும் வந்து சேர்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆலையில் தகரக் கூரைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டிகளின் ஆவியும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். ஆறாம் மேசை அக்கா நேற்று மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து, "சட்டை மடிப்பு கலையலையே?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இதையெல்லாம் அங்கே போய் உளறி வைக்காதே. நம் ஆலையின் பெயர் உன் வாயில் வரவே கூடாது. சத்தியம் செய்து எழுது.

அன்புடன்,
அம்மா

மே 8

அன்புள்ள அம்மா,

சத்தியம், போதுமா? ஆனால் வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

சட்டமன்றக் குழு ஒன்று ஆராயும் மசோதாவில் புகையைக் குறைக்க ஒரு பகுதி இருக்கிறது. வெயில் அளவு மீறினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று இன்னொரு பகுதி. அதற்காகத்தான், உனக்காகத்தான், நான் போராடும் இந்த மாணவர்களோடு சேர்ந்தேன். சட்டமன்ற உறுப்பினர்களை மூன்று மூன்று பேராகப் போய்ப் பார்க்கிறோம். எல்லோர் அறையிலும் ஏசி. எங்களுக்கே பல் தந்தியடிக்கிறது. அங்கே உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினால் யாருக்கு உறைக்கும்? "பாக்கலாம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அதனால் ஏசியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் எங்கள் பேச்சைக் கேளுங்கள் என்று கேட்கப் போகிறோம். நாளை மறுநாள் அந்தக் குழுவின் தலைவரைப் பார்க்கிறோம். யோசனை என்னுடையது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

உன் வாயாடி

மே 11

அம்மா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் பொறுத்துக்கொள்.

குழுத் தலைவர் வயதானவர். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உன் மேசை மாதிரியே இருக்கட்டும் என்று நான் மூலையில் கெட்டிலையும் கொதிக்கவிட்டேன். பாதியிலேயே அவர் பேச்சு குழறியது. நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். காவலர்கள் ஓடிவந்து எங்களைச் சுவரோரம் நிறுத்தினார்கள். கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன் அம்மா.

நல்லவேளை, கண்ணைத் திறந்தார். புகார் வேண்டாம் என்றார். பிறகு என்னை அருகில் கூப்பிட்டார்.

"இந்தச் சூட்டுல யாரு வேலை செய்யறாங்க? எந்த ஆலை? ஒரு ஆள் வந்து குழு முன்னால சொன்னாத்தான் அந்தப் பகுதி நிக்கும். இல்லேன்னா வெட்டிடுவாங்க."

உன் பெயரும் ஆலையின் பெயரும் நாக்கு நுனிவரை வந்தன. உனக்குச் செய்த சத்தியத்தை நினைத்து, "சொல்ல முடியாதுங்க" என்றேன். "அப்போ கதை சொல்லத்தான் வந்தியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாதக் கடைசியோடு குழுவின் வேலை முடிகிறது. கல்லூரியில் விசாரணை என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சொன்னபடி வந்துவிடுகிறேன்.

உன் மகள்

மே 16

கண்ணு,

உன் கடிதம் வந்தது. திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் இங்கே வேறு நடந்துவிட்டது.

ஆறாம் மேசை அக்கா நேற்று மறுபடி விழுந்தாள். தண்ணீர் தெளித்தோம். எழுந்திருக்கவில்லை. சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்களை நான்தான் பிரித்தேன். மேற்பார்வையாளர் எங்களை வரிசையாக நிறுத்தி, "ஹார்ட்டு. ஏற்கெனவே இருந்த வியாதி. யார் கேட்டாலும் இதான்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். இன்றே அந்த மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்துவிட்டாள். உன் வயதுதான் இருக்கும்.

சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தோமே என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

நீ வராதே. பெட்டியைக் கட்டியிருந்தால் பிரித்து வை. அந்தப் பெரியவரிடம் போய், முதலில் கெட்டிலுக்கு மன்னிப்புக் கேள். பிறகு ஆலையின் பெயரைச் சொல். நீ செய்த சத்தியத்தை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன். குழு முன்னால் நான் வந்து சொல்கிறேன். எனக்கு அந்த ஊரில் வழி தெரியாது, ஸ்டேஷனுக்கு வந்து நில்.

அம்மாவுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதே. தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த மைத்துனர் இருமுகிறார். பேனா ஓடும் சத்தம்கூட அவருக்குக் கேட்குமோ என்று இருக்கிறது. வேலை போனால் என்ன செய்வோம் என்றும் தெரியவில்லை. இருந்தாலும் இந்தக் கடிதத்தையே குழுத் தலைவரிடம் காட்டு. யார் எழுதியது என்று அவர் கேட்க வேண்டியிருக்காது.

உன் அம்மா,
இஸ்திரிப் பிரிவு, ஏழாம் மேசை