இடது மடிப்பு மேலே

இன்று காலை அச்சகத்திலிருந்து பெட்டி வந்தது. கத்தியால் ஒட்டுத்தாளைக் கீறியதும் புது மையின் வாசம் குசினி முழுக்கப் பரவியது. உங்கள் முன்னறையில் எந்நேரமும் இருந்த வாசம் இதுவல்ல. அது கரிமை, கொஞ்சம் கற்பூரம் கலந்தது போல. என்றாலும் மை மைதான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். தமிழில் உங்கள் முதல் புத்தகம். நீங்கள் பார்க்காத புத்தகம்.

மெல்பேர்ணின் கிளென் வேவர்லியில் நமக்கிடையே இருந்தது ஒரு மரவேலி மட்டும். ஜப்பானில் உங்களைச் ‘சென்செய்’ என்று மரியாதையாக அழைத்த வாசகர்கள் இருந்ததை உங்கள் மகள் சொல்லித்தான் அறிந்தேன். நானும் ஒருநாள் அப்படி அழைத்துப் பார்த்தேன். “உங்களுக்கு நான் பக்கத்து வீட்டுக்காரி. வேறு பட்டம் வேண்டாம்” என்றீர்கள், நம் இருவருக்கும் பொதுவான உடைந்த ஆங்கிலத்தில்.

பள்ளி முடித்த கையோடு ஒசாகாவில் ஒரு சிறுமிகள் இதழுக்கு மங்கா என்ற ஜப்பானியப் படக்கதை வரையத் தொடங்கியவர் நீங்கள். கண்ணைப் பெரிதாக்கு, கண்ணுக்குள் நட்சத்திரம் போடு என்றார் இதழின் ஆசிரியர். நீங்கள் போடவில்லை. உங்கள் கதையைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளினார்கள். அங்கேயே இருந்துகொண்டு மீன்சந்தைப் பெண்களையும் நூலாலை விடுதிப் பெண்களையும் வரைந்தீர்கள். பிறகு பெரியவர்களுக்கான இதழ்கள் உங்களைத் தேடி வந்தன. கணவரின் வேலையால் மெல்பேர்ண் வந்த பின்னும் விமானத் தபாலில் பக்கங்கள் போய்க்கொண்டே இருந்தன. இதழ்கள் மூடப்பட்ட பிறகும், கேட்பாரில்லாமல், நாள் தவறாமல் வரைந்தீர்கள். எங்கள் வாசகர் வட்டத்து அஞ்சலிக் குறிப்போ உங்களைப் ‘பொழுதுபோக்காகப் படம் வரைந்த பெண்மணி’ என்றது. அதை நான் மன்னிக்கவில்லை.

உங்கள் கதைகளில் வரும் ஆட்கள் அழமாட்டார்கள். அழவேண்டிய இடத்தில் முதுகைக் காட்டி நிற்பார்கள். மழைக்கு நீங்கள் கோடு போட்டதில்லை; கறுப்பை நிரப்பிவிட்டு, சவர அலகால் சுரண்டி மழையை வெளியே எடுப்பீர்கள். ஒரு பக்கத்தில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மறந்துவிட்டீர்களோ என்று கேட்டேன். “அதில்தான் அவள் கதவைத் திறப்பதா என்று யோசிக்கிறாள்” என்றீர்கள். நான் யாரிடமும் சித்திரம் படித்தவளல்ல. ஜப்பான் மொழியும் நூலகத்து ஒலித்தட்டுகளில் நானாகப் பொறுக்கியதுதான். அந்தக் கட்டம் எனக்கு விளங்கியது.

ரயில் நிலையத்தில் மகனை வழியனுப்பும் தாயின் கதையைத் தமிழாக்கியபோது நாம் போட்ட சண்டை கொஞ்சமல்ல. ஆட்கள் பேசுவதை எழுதும் உங்கள் பேச்சுக்கூடுகள் ஒடுக்கமும் உயரமும், மேலிருந்து கீழே எழுதுவதற்கானவை. என் தமிழ் அகலத்துக்கு ஓடும். “கூட்டை அகலமாக்குங்கள்” என்றேன். “சொல்லைக் குறையுங்கள்” என்றீர்கள். மகன் விடைபெறும் இடத்தில் நீளமாய் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, ‘வாறன்’ என்று மட்டும் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். “சரியான அளவு” என்றீர்கள்.

பிறகு, புத்தகத்தை வெளியிட முன்வந்த வாசகர் வட்டத்தில் பக்கம் அமைத்த தம்பி மாதிரிப்படியோடு உங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அன்ரி, ஜப்பான்காரர் மாதிரி வலமிருந்து இடம் எண்டா எங்கட சனம் வாசியாது. எல்லாப் படத்தையும் கண்ணாடியில பாக்கிற மாதிரித் திருப்பிட்டன். ஒரு கிளிக்தான்.”

நீங்கள் முதல் பக்கத்தைப் பார்த்தீர்கள். “இவள் செத்துப்போனாள்” என்றீர்கள்.

உயிரோடிருப்பவர் கிமோனோவின் இடது மடிப்பு மேலே வரக் கட்டுவார். வலது மேலே வருவது பிணத்துக்கு. படத்தைத் திருப்பியதில், மகனை அனுப்ப வந்து நிற்கும் தாய்க்கு முதல் பக்கத்திலேயே பிணக்கோலம் போட்டுவிட்டோம். நீங்கள் கோபிக்கவில்லை. தம்பிக்குத் தேநீர் ஊற்றினீர்கள். கோபித்தது நான்.

படங்களைத் திரும்ப நேராக்குவதா என்று வட்டம் இழுத்தடித்துக்கொண்டிருக்கையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

“அவ இனி வந்து பாக்கப் போறாவோ, அன்ரி? ஒரு படக்கதைக்கு இவ்வளவு பிடிவாதமோ?” என்றார் தம்பி.

“ஓம், பிடிவாதம்தான்” என்று சொல்லிவிட்டு, மூலப் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கிளேட்டனில் அச்சகம் வைத்திருக்கும் கல்முனைக்காரரிடம் போனேன். வலமிருந்து தொடங்கும் புத்தகம், அடிப்பீர்களா என்று தயங்கிக் கேட்டேன்.

“இதுல என்ன கஷ்டம், அக்கா? எங்கட புள்ளைகள் குர்ஆன் ஓதுறது வலத்தால தானே. சின்னதுகளுக்கே ஏலும். உங்கட பெரிய ஆக்களுக்கு ஏலாதாமா?”

நீங்கள் போன பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மத்தியானம் ஒரு பிரதியை அந்தத் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் வாசலில் நின்றபடியே நம் வழக்கப்படி இடப்பக்கத்தால் திறந்தார். வெறும் ரயில் மேடையில் தனியே போகும் ஒரு பெண்ணின் முதுகு. கதையின் கடைசிக் கட்டம்.

“எங்க தொடங்கிறது, அன்ரி? முன்னுக்கு ஒரு குறிப்பெண்டாலும் போட்டிருக்கலாம்.”

அவர் கொஞ்சநேரம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு தானாகவே புத்தகத்தை மறுபக்கம் திருப்பினார். தாய் மகனருகே நின்றாள், இடது மடிப்பு மேலே, உயிரோடு. “உள்ளுக்கு வாங்கோ” என்று சொல்லவும் மறந்து, அங்கேயே நின்று வாசிக்கத் தொடங்கினார்.

குறிப்புப் போடமாட்டேன். வரையவேண்டியதை வரைந்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் காத்திருப்பவர் நீங்கள். அந்தப் பொறுமை இப்போது என்னிடம் இருக்கிறது. பெட்டியில் இன்னும் நிறையப் பிரதிகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தாங்களாகவே திருப்பட்டும்.